போகாதவளுக்கு நடந்த வழியனுப்பு

நம் வயதுக்காரர்களுக்கு இப்போது ஒரு புது வேலை வந்து சேர்ந்திருக்கிறது, கவனித்தீர்களா? வெள்ளெழுத்துக் கண்ணாடியைத் தேடுவது, முழங்காலுக்குத் தைலம் தடவுவது, இவற்றோடு இதுவும் ஒன்று. ஜூலை பிறந்துவிட்டால் போதும், அண்ணன் பிள்ளைகளும் தங்கை பிள்ளைகளும் வெளிநாட்டிலிருந்து வந்து இறங்குகிறார்கள். அவர்களுக்கு முன்னால் ஒரு செய்தி வந்துவிடுகிறது. பிள்ளைக்குப் பொழுது போக வேண்டும், நல்ல பிள்ளைகளாகப் பார்த்து நாலு பேரை அறிமுகம் செய்து வை என்று. நாமும் அக்கம்பக்கத்தில் விசாரித்து, கூச்சப்படாமல் பேசும் பிள்ளைகளாகத் தேடிப் பிடித்து, பீட்சா வரவழைத்து, எல்லாரையும் ஒரே அறையில் உட்காரவைத்துவிட்டுக் கதவோரம் நின்று பார்க்கிறோம்.

போன மாதம் எனக்கும் அப்படி ஒரு செய்தி வந்தது. படித்ததும் ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். இதே வேலையை எனக்குப் பதினொரு வயது இருக்கும்போது ஒருமுறை செய்திருக்கிறேன். சின்னப் பெண்ணாக இருந்தாலும் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகச் செய்தாள் என்று எல்லாரும் மெச்சிக்கொண்டார்கள். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

அப்போது நாங்கள் பெங்களூர் லிங்கராஜபுரத்தில் இருந்தோம். மாடியில் வீட்டுக்காரம்மா, கீழே நாங்கள். பின்கட்டின் ஓட்டுக் கூரையில் மழை பெய்தால் பேச்சு கேட்காது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்டு வரும்போது தெரு முழுக்கக் கறிக்குழம்பு வாசம் அடிக்கும், எந்த வீட்டில் தேங்காய் கூட என்பதை நடந்துகொண்டே சொல்லிவிடலாம். ரயில் போகும் சத்தம் எங்கள் பின்கட்டு வரைக்கும் வரும். தொலைபேசி வீட்டுக்காரம்மாவிடம் மட்டும்தான் இருந்தது. அதற்கு ஒரு பின்னல் துணி போர்த்தி, பக்கத்தில் பிளாஸ்டிக் ரோஜாவும் வைத்திருப்பார்கள்.

பெரியப்பா லண்டனில் இருந்தார். அப்பாவுக்கு அண்ணன் என்றால் அதற்கு மேல் பேச்சில்லை. தொலைபேசியில் பேசும்போதுகூட அப்பா உட்கார மாட்டார், எழுந்து நின்று, மடித்துக் கட்டிய லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டுதான் பேசுவார். அந்த வருஷம் பெரியப்பா, பிள்ளைகள் இரண்டு பேரையும் விடுமுறைக்கு அனுப்பிவைப்பதாகச் சொன்னார். அக்காவுக்குப் பதினாறு வயது, அண்ணனுக்குப் பதினான்கு. கடைசியில் தானே வந்து அழைத்துப்போவதாகச் சொன்னார்.

ஏன் அனுப்பினார் என்பது எனக்கு அப்போது தெரியாது. பெரியவர்கள் பேச்சில் 'சேர்க்கை' என்ற ஒரு வார்த்தை மட்டும் அடிக்கடி காதில் விழும். அக்காவுக்கு அங்கே சேர்க்கை சரியில்லை. நூலகத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வகுப்புத் தோழர்களோடு சினிமாவுக்குப் போயிருக்கிறாள், அந்தக் கூட்டத்தில் பையன்களும் இருந்திருக்கிறார்கள். இன்றைக்கு யோசித்தால் குற்றம் அவ்வளவுதான். கெட்ட சேர்க்கைக்கு நல்ல சேர்க்கைதான் மருந்து என்று பெரியப்பா முடிவு செய்துவிட்டார். மருந்து எங்கே கிடைக்கும் என்றால், நம் ஊரில், நம் சர்ச்சில், நம் ஜனங்களிடம்.

அவர்கள் வந்து இறங்கிய அன்று பெட்டியைத் திறந்ததும் வீடு முழுக்க சோப்பும் சாக்லேட்டும் கலந்த ஒரு வாசனை பரவியது. அக்கா நல்ல உயரம், கழுத்தோடு வெட்டிய முடி. பளீரென்ற மஞ்சள் மழைக்கோட்டு போட்டிருந்தாள். காதில் ஆரஞ்சு நிறப் பஞ்சு வைத்த வாக்மேன். எங்கள் வீட்டின் இருட்டுக் கூடத்தில் அவள் நின்றது எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. அண்ணன் வந்ததும் கழிவறையைப் பார்த்துவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். திரும்பிப் போகும் வரை அதை இறக்கவே இல்லை.

"உன் வேல என்னன்னா, அக்காவுக்கும் அண்ணனுக்கும் நல்ல பசங்களா ஃப்ரெண்ட்ஸ் பிடிச்சுக் குடுக்கணும். சரியா?" என்றார் அப்பா. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

முதல் ஏற்பாடு அப்பாவுடையது. லண்டன் பிள்ளைகள் என்பதால் சரளமாக இங்கிலீஷ் பேசுகிற பிள்ளைகளாக இருக்க வேண்டும் என்று, தன் மேலதிகாரியின் மகளையும் மகனையும் வரவழைத்தார். அவர்கள் இஸ்திரி போட்ட துணியும் ஒரு கேக் பெட்டியுமாக வந்து சோபாவின் நுனியில் உட்கார்ந்தார்கள். 'ஹௌ டு யூ லைக் பெங்களூர்?' என்று அந்தப் பெண் கேட்டாள். 'லவ்லி' என்றாள் அக்கா. அதற்குப் பிறகு ஐந்து பேரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "பேசுங்க பேசுங்க" என்று ஊக்கம் கொடுத்துவிட்டுப் போனாள். அவர்கள் போன பிறகு அண்ணன் தலைவலி என்று படுத்துவிட்டான். அக்கா மட்டும் அப்பாவிடம் போய், "ரொம்ப நைஸ் பீப்பிள், சித்தப்பா" என்றாள். மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனபோதுதான் என்னிடம் உண்மையைச் சொன்னாள்.

"அந்தப் பொண்ணு ரொம்ப போர். ஆனா சொல்லாத, சரியா? நான் இங்க குட் கேர்ளா இருக்கணும். அப்பா சொல்லிருக்காங்க. நல்லா நடந்துக்கோ, எல்லார்கிட்டயும் பழகு, நல்ல பேர் வாங்கு, அப்புறம் எல்லாம் மறந்துடலாம்னு. செப்டம்பர்ல எனக்கு புது ஸ்கூல். நான் வீட்டுக்குப் போகணும்."

அவளுடைய கணக்கு அதுதான். நல்ல பேர் வாங்கினால் வீட்டுக்குப் போகலாம். இதை நீங்கள் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

உண்மையான சிநேகிதம் பஸ்ஸில் கிடைத்தது. அம்மா என்னையும் அக்காவையும் சிவாஜிநகருக்கு ரிப்பன் வாங்க அனுப்பினாள். பஸ் வந்ததும் அக்கா பின் வாசல் வழியாக ஏறி, ஆண்கள் நடுவில் போய் நின்றுகொண்டாள். 'முந்தே ஹோகம்மா, முந்தே!' என்று முன்னால் போகச் சொல்லிக் கண்டக்டர் கன்னடத்தில் கத்த, அவளுக்குப் புரியவில்லை. மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட அவள் திருதிருவென்று விழிப்பதைப் பார்த்துப் பஸ்ஸே சிரித்தது. அப்போது முன்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"யம்மா மஞ்சக் கோட்டு! இங்க வா, லேடீஸ் எல்லாம் முன்னாடிதான். வா, குந்து. இன்னா, ஊருக்குப் புதுசா?"

எங்கள் தெருவின் கோடி வீட்டுப் பெண். பள்ளிக்குப் பிறகு படிக்கும் இரண்டு வருஷ பி.யு.சி.யை முடித்துவிட்டு சிவாஜிநகரில் டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். சர்ச் பாடகர் குழுவில் முதல் வரிசை. எனக்கு அவளை நன்றாகத் தெரியும், ஆனால் இங்கிலீஷ் வராதே என்று நானாக அவளைக் கழித்துவைத்திருந்தேன். சிவாஜிநகர் போய்ச் சேர்வதற்குள் அக்கா அவளுக்கு வாக்மேனைக் காதில் மாட்டிவிட்டிருந்தாள். அவள் அக்காவுக்கு 'சக்கத்' என்றால் பிரமாதம் என்று சொல்லிக்கொடுத்திருந்தாள். நான் இருவருக்கும் நடுவில் மொழிபெயர்ப்பாளராக உட்கார்ந்திருந்தேன், அதிகம் வேலை இருக்கவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. கோடி வீட்டுப் பெண் வழியாக சர்ச் இளைஞர்கள் கூடும் வாலிபர் ஐக்கியம், அங்கே கிட்டார் வாசிக்கும் பையன், போதகரின் மகள் என்று பழக்கம் விரிந்தது. சனிக்கிழமை பாட்டுப் பயிற்சிக்கு நான்தான் அக்காவைக் கையைப் பிடித்து அழைத்துப் போவேன். அவர்கள் அவளுக்குத் தமிழ்ப் பாட்டை இங்கிலீஷ் எழுத்தில் எழுதிக்கொடுத்தார்கள். அவள் அவர்களுக்குக் கை தட்டித் தாளம் போடும் ஒரு விளையாட்டைக் கற்றுக்கொடுத்தாள். இரண்டு வாரத்தில் எங்கள் வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. அம்மா பாத்திரம் பாத்திரமாக எலுமிச்சை ஜூஸ் கரைத்தாள். அக்கா முதலில் நல்ல பேருக்காகத்தான் சிரித்தாள். போகப் போக அவளுக்கே எந்தச் சிரிப்பு எதற்காக என்பது மறந்துபோயிருக்க வேண்டும், ஏனென்றால் அவள் உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தாள். விட்டுப் போகப்போகும் ஊர் என்பதால் வந்த சந்தோஷம் அது. நாமும் சுற்றுலா போன இடத்தில் எல்லாரிடமும் நன்றாகத்தானே பேசுகிறோம்?

அண்ணன் அதே பாயில் அதே போர்வையைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தான். தெருப் பையன்கள் கிரிக்கெட்டுக்கு வந்து கூப்பிட்டால் வயிற்று வலி என்பான். சோற்றைப் பிசைந்து ஓரத்தில் ஒதுக்குவான். கொசு கடிக்கிறது, தண்ணீர் வேறு ருசியாக இருக்கிறது, எப்போது போகலாம் என்று நாளெல்லாம் முனகுவான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மாடியிலிருந்து வீட்டுக்காரம்மா, 'லண்டன் ஃபோன் பந்திதெ!' என்று குரல் கொடுப்பார்கள். நாங்கள் எல்லாரும் படியேறி ஓடுவோம். அப்பா நின்றுகொண்டு அறிக்கை வாசிப்பார்.

"பாப்பா ரொம்ப நல்லா பழகுறாண்ணே. எல்லார்கிட்டயும் நல்ல பேரு. சர்ச்ல பாட்டெல்லாம் பாடுறா. இவன்தான் கொஞ்சம் பேஜார் பண்றான். சாப்பிட மாட்டேங்குறான்."

அக்கா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். அப்பா ஒவ்வொரு நல்ல வார்த்தை சொல்லும்போதும் என் தோளை மெல்ல அழுத்துவாள். படி இறங்கும்போது இரண்டிரண்டு படியாகத் தாண்டுவாள்.

ஆகஸ்ட் கடைசியில் பெரியப்பா வந்தார். பெரியம்மா வரவில்லை. வேலையில் லீவு கிடைக்கவில்லை என்றார்கள். வந்திருந்தால் அவளால் மகளை விட்டுவிட்டுப் போயிருக்க முடியாது, அதனால்தான் வரவில்லை என்று அம்மா பல வருஷங்களுக்குப் பிறகு சொன்னாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் சர்ச்சில் அறுப்பின் பண்டிகை. ஆராதனை முடிந்ததும், காணிக்கையாக வந்த பூசணி, வாழைத்தார், கேக், முறுக்கு, கோழி எல்லாவற்றையும் வளாகத்தில் வைத்து ஏலம் விடுவார்கள். எள் விழ இடமில்லாத கூட்டம். வாலிபர்கள் அக்காவை மேசைமேல் ஏற்றி, கையில் ஒரு பெரிய பூசணியைக் கொடுத்து ஏலம் போடச் சொன்னார்கள். அக்காவுக்கு நேரில் யாரையும் நீங்கள் என்று சொல்ல வராது. வீட்டில் பெரியம்மா அவளிடம் பேசும் தமிழ்தான் அவளுக்குத் தெரிந்த தமிழ்.

"யாரு இத வாங்கப் போறா? நல்ல பூசணி! சக்கத் பூசணி!" என்று கூவியவள், எதிரே வெள்ளை அங்கியோடு நின்ற போதகரைப் பார்த்துக் கையை நீட்டினாள். "ஏய், நீ வாங்குறியா? வாங்கு கண்ணா, உனக்கு நல்லது!"

சர்ச் வளாகமே குலுங்கியது. போதகர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், பூசணியை அவரே வாங்கினார். பெரியப்பாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே அப்பாவின் தோளில் கை போட்டார்.

"பயந்துக்கிட்டே இருந்தேன்டா. இவ பாரு, இங்கயே பொறந்து வளந்தவ மாதிரி ஆயிட்டா."

"ஆமாண்ணே."

"இனி கவலையில்ல."

"ஆமாண்ணே."

நான் பக்கத்தில் ஆரஞ்சு ஸ்குவாஷ் குடித்துக்கொண்டு நின்றிருந்தேன். அது பாராட்டு என்றுதான் எனக்குப் பட்டது. மேசையிலிருந்து இறங்கி ஓடிவந்த அக்காவுக்கும் அப்படித்தான் பட்டது. மூச்சு வாங்க என் காதில் சொன்னாள். "பாத்தியா? அப்பா சிரிச்சாங்க. எல்லாம் சரியாயிடுச்சு. நான் வீட்டுக்குப் போறேன்."

அடுத்த ஞாயிறு மாலை வாலிபர் ஐக்கியத்தில் அவளுக்கு வழியனுப்பு விழா வைத்தார்கள். மறுநாள் காலை மெட்ராஸுக்கு ரயில், அங்கிருந்து விமானம். சர்ச் பின்னாலிருந்த கூடத்தில் பெஞ்சுகளை வட்டமாகப் போட்டு, சமோசாவும் வேர்க்கடலையும் வைத்திருந்தார்கள். கிட்டார் பையன் ஒரு பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு, சமோசாத் தட்டை எடுத்து எல்லாருக்கும் நீட்டினான். அக்காவுக்கு பிரேம் போட்ட ஒரு பைபிள் வசன அட்டையும் சந்தன சோப்புப் பெட்டியும் கொடுத்தார்கள்.

பிறகு அக்கா எழுந்து, தான் கொண்டுவந்த பையைத் திறந்தாள். தன் பொருட்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். வாக்மேன் கிட்டார் பையனுக்கு. வெள்ளை கான்வாஸ் ஷூ போதகரின் மகளுக்கு. மஞ்சள் மழைக்கோட்டு கோடி வீட்டுப் பெண்ணுக்கு. எனக்குப் பழ வாசனை அடிக்கும் பேனாக்கள், வீட்டிலேயே கொடுத்துவிட்டாள். 'நான் அங்க போய் வேற வாங்கிக்குவேன்' என்று எல்லாரிடமும் சொன்னாள். கோடி வீட்டுப் பெண் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். இருவரும் கட்டிக்கொண்டார்கள்.

பெரியப்பா முதல் பெஞ்சில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். சமோசா சாப்பிட்டார். கடைசியில் போதகர் எழுந்து, இந்தப் பிள்ளை கடல் கடந்து சுகமாய்த் தன் வீடு போய்ச் சேர வேண்டும் என்று ஜெபம் செய்தபோது, எல்லாரோடும் சேர்ந்து அவரும் ஆமென் என்றார். அவர் குரல் எப்போதும் கொஞ்சம் சத்தமாகவே கேட்கும். அவர் கெட்டவர் இல்லை. பிள்ளை சந்தோஷமாக இருக்கும் நேரத்தில் எதற்குச் சொல்லிக் கெடுப்பது, காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பார். நினைக்க நினைக்க எனக்கு ஆறவில்லை. ஒரு நாள் முன்னால் சொல்லியிருந்தால் அந்த விழாவாவது நடக்காமல் போயிருக்கும்.

காலையில் கூடத்தில் பெட்டிகள் நின்றன. வாசலில் டாக்ஸி. அக்கா தலை சீவி, ஷூ இல்லாததால் என் அம்மாவின் செருப்பை மாட்டிக்கொண்டு தயாராக இருந்தாள். பெரியப்பா நின்றுகொண்டே காப்பியைக் குடித்துவிட்டு டம்ளரை வைத்தார்.

"பாப்பா, நீ இங்க இரும்மா. சித்தப்பா வீட்லயே இருந்து பி.யு.சி. படி. காலேஜ்ல எல்லாம் பேசியாச்சு. ரெண்டே வருஷம்."

அக்கா சிரித்தாள். "சித்தி, அப்பா ஜோக் பண்றாங்க" என்று அம்மாவைப் பார்த்தாள். அம்மா முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். அக்கா என் அப்பாவைப் பார்த்தாள். அப்பா டாக்ஸிக்காரரிடம் ஏதோ சொல்வதற்கு வெளியே போய்விட்டார். அதற்குப் பிறகுதான் அவள் சிரிப்பு நின்றது.

"நான் நல்லாத்தானே இருந்தேன்?"

"அதனாலதாம்மா விட்டுட்டுப் போறேன். உனக்கு இந்த ஊர் பிடிச்சிருக்கு, எவ்வளவு ஃப்ரெண்ட்ஸ்! பிடிக்கலன்னா கூட்டிட்டுப் போயிருப்பேன். தம்பிய பாரு, அவனுக்கு ஒத்துக்கல. அவன இங்க வெச்சு என்ன பண்றது?"

அப்படித்தான் முடிந்தது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவன் வீட்டுக்குப் போனான், நல்ல பேர் வாங்கியவள் தங்கினாள். அண்ணன் அவள் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, அக்கா வராமல் போகமாட்டேன் என்று கத்தினான். அவனைத் தூக்கித்தான் டாக்ஸியில் உட்காரவைத்தார்கள். அக்காவின் பாஸ்போர்ட்டும் பெரியப்பாவின் கைப்பையிலேயே டாக்ஸி ஏறியது. அன்று காலை ரயில் சத்தம் கேட்டபோது அக்கா குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு உள்ளே தாழ் போட்டிருந்தாள். தண்ணீர் தொட்டி காலியாகும் வரை அந்தக் குழாய் ஓடியது. தண்ணீருக்கு அடித்துக்கொள்ளும் வீடு அது, அன்றைக்கு யாரும் போய்க் கதவைத் தட்டவில்லை.

அதற்குப் பிறகு அவள் வாசல் கேட்டைத் தாண்டவில்லை. அவள் கல்லூரியில் போய்ச் சேர இன்னும் சில நாள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அம்மா சர்ச்சுக்குக் கூப்பிட்டாள்.

"எப்படி சித்தி வருவேன்? எல்லாரும் ஜெபம் பண்ணி அனுப்பிட்டாங்களே."

விடைபெற்றுக்கொண்டு, அழுது, பொருளையெல்லாம் கொடுத்துவிட்டுப் போகாமல் நிற்பது எவ்வளவு பெரிய அவமானம் என்பது பெரியவர்கள் யாருக்கும் உறைக்கவில்லை. பதினாறு வயதில் அதைவிடப் பெரிய விஷயம் வேறு இல்லை. தெருவில் கிட்டார் சத்தம் கேட்டால் அக்கா என்னிடம் ஜன்னலைச் சாத்தச் சொல்வாள். தன்னை விட்டுவிட்டுப் போனது ஊருக்குத் தெரிந்துவிடும் என்று அவளுக்குப் பயம். எனக்கோ, நான் பிடித்துக்கொடுத்த சிநேகிதர்களிடமிருந்தே அவளை ஒளித்துவைக்கும் வேலை.

எத்தனை நாள் ஒளிய முடியும்? ஒரு மாலை துணி எடுக்க மாடிக்குப் போனவளைக் கோடி வீட்டுப் பெண் தன் மாடியிலிருந்து பார்த்துவிட்டாள். அக்கா கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்து ஒளிந்துகொண்டாள் என்று பிறகு தெரிந்தது.

மறுநாள் நல்ல மழை. கதவு தட்டும் சத்தம் கேட்டு நான் போய்த் திறந்தேன். கோடி வீட்டுப் பெண் தலையிலிருந்து கால் வரை நனைந்து நின்றாள். துப்பட்டாவுக்குள்ளிருந்து ஒரு நியூஸ்பேப்பர் பொட்டலத்தை எடுத்தாள். உள்ளே மஞ்சள் மழைக்கோட்டு, துவைத்து, மடித்து, ஒரு சொட்டு ஈரம் படாமல். அவ்வளவு மழையிலும் அவள் அதைப் போட்டுக்கொண்டு வரவில்லை.

"மழக்காலமாச்சே, அக்காவுக்கு வேணுமே. அதான் கொண்டாந்தேன்."

"உள்ள வாங்க" என்றேன்.

"இல்ல, இருக்கட்டும். அவுங்களா கூப்பிடட்டும். எப்ப வேணா கூப்பிடட்டும்."

அந்த வாரத்தில் எல்லாம் வந்துவிட்டன. கிட்டார் பையன் வாக்மேனில் புது பேட்டரி போட்டுக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். போதகரின் மகள் ஷூவுக்கு வெள்ளை பூசிக் காயவைத்துக் கொண்டுவந்தாள். ஒருவர்கூட ஏன் போகவில்லை என்று கேட்கவில்லை. யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, அவர்களாகவே தெரிந்து நடந்துகொண்டார்கள். இத்தனைக்கும் அவர்களில் யார் வீட்டிலும் வாக்மேன் கிடையாது. நானும் என் பேனாக்களை எடுத்துவந்து, அக்காவின் கட்டிலில் மற்றவற்றோடு வைத்தேன்.

அக்கா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தாள். மழைக்கோட்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். டாக்ஸி போன நாளிலிருந்து எங்கள் முன்னால் அழாமல் இருந்தவள் அப்போதுதான் அழுதாள். எனக்கு அன்று புரியவில்லை, பொருள் திரும்பி வந்தால் சந்தோஷப்படாமல் ஏன் அழுகிறாள் என்று நினைத்தேன். அவள் போகிறவள் என்பதற்கு அந்தப் பொருட்கள்தான் மிச்சமிருந்த சாட்சி. அவை திரும்பி வந்துவிட்டால், அவள் இங்கே இருக்கப்போகிறவள் என்று ஆகிவிட்டது.

ஞாயிறு தொலைபேசியில் அப்பா சொன்னார், "பசங்க எல்லாம் தினம் வந்து பாத்துட்டுப் போறாங்கண்ணே. அவளுக்கு என்ன குறை!"

அதற்குப் பிறகு அக்கா தன் தம்பியைப் போல இருந்து பார்த்தாள். சோற்றை ஒதுக்கினாள். போர்வைக்குள் படுத்தாள். வயிற்று வலி என்றாள். பாவம், அவளுக்கு அது சரியாக வரவில்லை. அம்மா தட்டோடு வந்து நின்றால் மனசு கேட்காமல் எழுந்து சாப்பிட்டுவிடுவாள். அம்மா பயந்துபோய், "ஒரு வார்த்த அண்ணன்கிட்ட சொல்லுங்களேன்" என்று அப்பாவை மாடிக்கு அனுப்பினாள். பெரியப்பா அங்கிருந்து சொன்னாராம், ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும், இரண்டு மாதம் சிரித்தவள் இனிமேலும் சிரிப்பாள் என்று.

இரண்டு வருஷம் இரண்டு வருஷத்தோடு முடியவில்லை. பி.யு.சி. முடிந்ததும் பட்டப்படிப்பு, பிறகு ஒரு வேலை, பிறகு பெரியப்பாவே பார்த்து வைத்த மாப்பிள்ளை. பெரியம்மா கல்யாணத்துக்கு வந்து, மணப்பெண்ணைவிட அதிகமாக அழுதாள். அக்கா இப்போது பெங்களூரிலேயே அடுகோடிப் பக்கம் இருக்கிறாள். கன்னடத்தில் பேரம் பேசுவாள், தமிழில் பெரியவர்களை நீ என்று சொல்வதில்லை. கோடி வீட்டுப் பெண் அவளுக்கு இன்றும் உயிர்த் தோழி. எங்கள் சொந்தத்தில் எல்லாரும், லண்டனில் பிறந்த பெண் எவ்வளவு அழகாக நம் ஊரில் பொருந்திவிட்டாள் என்று உதாரணம் காட்டுவார்கள். ஒன்று மட்டும் எனக்குத் தெரியும். எந்த வழியனுப்பு விழாவுக்கும் அவள் போக மாட்டாள். அலுவலகத்தில் யாராவது ஓய்வு பெற்றால் அன்றைக்கு லீவு போட்டுவிடுவாள்.

போன மாதம் எனக்கு வந்த செய்தி அண்ணனிடமிருந்துதான். அவன் மகளுக்குப் பதினாறு வயது. விடுமுறைக்கு அனுப்புகிறேன், நல்ல பிள்ளைகளாகப் பார்த்து அறிமுகம் செய்து வை என்று எழுதியிருந்தான். அக்காவிடம் சொன்னேன். "சரி, வரட்டும்" என்று மட்டும் சொன்னாள்.

பெண் வந்து இறங்கிய மறுநாள் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் பிள்ளைகள் சிலரைக் கூப்பிட்டிருந்தேன். அவர்கள் கீழே பூங்காவில் காத்திருந்தார்கள். மழைத் தூறல். அக்கா பஸ் மாறி வந்து சேர்ந்தாள். பெண் எழுந்து நின்று, வாயெல்லாம் பல்லாக, எல்லாம் ரொம்ப நன்றாக இருக்கிறது என்றாள். சாப்பாடு நன்றாக இருக்கிறது, வீடு நன்றாக இருக்கிறது, மழைகூட நன்றாக இருக்கிறது. அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன் ரிட்டர்ன் டிக்கெட் யார்கிட்ட இருக்கு?"

"டாட் ஃபோன்ல இருக்கு, அத்தை."

அக்கா அங்கேயே நின்று, ஸ்பீக்கரைப் போட்டுத் தம்பிக்கு ஃபோன் செய்தாள். அங்கே விடிந்திருக்குமா என்றுகூடப் பார்க்கவில்லை.

"டேய், பாப்பா டிக்கெட்ட இப்பவே அனுப்பு."

'அக்கா...' என்றான். குரல் அந்தப் பதினான்கு வயதுக் குரலாக இருந்தது.

"அனுப்புடா."

வந்தது. அக்காவே மழையில் இறங்கிப் போய், முனையிலிருந்த ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து, நனையாமல் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொண்டுவந்தாள். அந்தப் பெண்ணின் கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டாள்.

"இது உன்கிட்டயே இருக்கணும். பாஸ்போர்ட்டும் உன் பையிலயே இருக்கட்டும். யாரு கேட்டாலும் குடுக்காத, நான் கேட்டாக்கூட. இந்தத் தேதிக்கு நீ வீட்டுக்குப் போற. நீ நல்லா இருந்தாலும் போற, அழுது அடம் புடிச்சாலும் போற. புரியுதா? அதனால நீ சிரிக்கணும்னு ஒண்ணும் இல்ல."

பெண் காகிதத்தைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது. சாம்பார் ரொம்பக் காரம், ராத்திரி முழுக்கக் கொசு, அம்மா ஞாபகமாக இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அக்கா அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, ஆமா, ஆமா என்று எல்லாவற்றையும் கேட்டாள். அது முடிந்த பிறகுதான் நான் கீழே போய், காத்திருந்த பிள்ளைகளை மேலே வரச் சொன்னேன்.